முகம் பார்க்காத கட்டில்

நான் எழுதப்போவது ஒரு துரோகியைப் பற்றி. ஆனால் பேனாவை எடுத்ததும் 'என் சிநேகிதன்' என்றுதான் விழுந்தது. பழக்கதோஷம். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். நாற்பது வருடமாக இந்தக் கதையை வாயால் சொல்லி வருகிறேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது என்று சொல்லாத இடமில்லை. கேட்டவர்கள் எல்லோரும் என் பக்கம்தான் நின்றிருக்கிறார்கள். எழுதிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மரச்சீனித் தோட்டங்கள் வழியாக ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் ஊர் வரும். அந்தக் காலத்தில் கார் வராது. மாட்டுவண்டி வரும், ஆனால் எங்கள் பாதையில் வண்டியில் போகிற நோயாளி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் புதிதாக நாலு நோயைச் சேர்த்துக்கொள்வான். அப்படிப்பட்ட பாதை.

ஊரில் எங்களுக்கு ஒரு வாசகசாலை இருந்தது. ஓலைக்கூரை போட்ட ஒற்றை அறை. தமிழ்ப் பத்திரிகை ஒன்று வரும், மலையாளப் பத்திரிகை ஒன்று வரும். சாமி படம் கிடையாது, விளக்கு ஏற்றுவதும் கிடையாது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. அதை நடத்தியவர்கள் நாலு பேர். நான் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். மேலே சொன்ன சிநேகிதன் ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து நிலப் பத்திரம் எழுதுகிறவன். பத்திரத்துக்கு எங்கள் பக்கம் ஆதாரம் என்று பெயர், அதனால் அவனை ஆதாரக்காரன் என்றே சொல்வோம். மூன்றாவது டீக்கடைக்காரர். நாலாவது தையல்காரர். அவர் வீட்டில் மலையாளம், கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான், ஆகவே அதை அப்போது யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் பனையேறுகிற ஒருவர் தவறி விழுந்துவிட்டார். தூக்கிப்போக எதுவும் இல்லை. வாசகசாலைக் கதவைக் கழற்றி அதில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மனிதர் பிழைத்தார். ஆனால் கதவில்லாத வாசகசாலைக்குள் ஆடு புகுந்து ஒரு மாதத்துப் பத்திரிகைகளை இரண்டு மொழியிலும் தின்றுவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் நோயாளிகளைச் சுமக்க ஒரு பொதுக்கட்டில் செய்வது என்று தீர்மானித்தோம்.

சபைக்காரர்கள் பலகை தருவதாகச் சொன்னார்கள். தலைமாட்டில் ஒரு சிலுவை செதுக்க வேண்டும். கோவில் கமிட்டி கயிறு தருவதாகச் சொன்னது. முதல் தடவை அம்மன் நடையில் வைத்து எடுத்துப் போக வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தோம். கடைசியில் ஒருவர் தன் தோட்டத்துப் பிலாமரத்தைத் தந்தார். யார் தந்தது என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்ற ஒரே நிபந்தனை. இன்றுவரை சொல்லவில்லை. சாமியின் பெயரைச் சொல்லாமலே மனிதனுக்கு மனிதன் உதவ முடியும் என்று அந்த மரத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. இப்போது கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அன்றைக்கு நான் அப்படித்தான் இருந்தேன்.

கட்டிலுக்கு மேல் துணி வந்தது அடுத்த வருடம். அரளிக்கொட்டையை அரைத்துக் குடித்த ஒரு பெண்ணைத் தூக்கிப் போனோம். காலையில் பட்டப்பகலில், திறந்த கட்டிலில். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கப் பரப்பிவிட்டார்கள். பெண் பிழைத்துத் திரும்பி வந்தாள். அவளைப் பற்றி ஊர் பேசிய பேச்சுக்கு, பிழைக்காமலே இருந்திருக்கலாம் என்று அவள் அம்மா வாய்விட்டு அழுதாள். தையல்காரருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வாரம் கடை வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, கெட்டித் துணியை இரட்டையாக வைத்துத் தைத்து, மூங்கில் வளையத்தில் கோர்த்து, கட்டிலுக்கு ஒரு கூண்டு செய்தார். உள்ளே காற்று போகும், வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"முகம் நமக்கு எதுக்கு ஸாரே? பாரம் போதும்" என்றார் என்னிடம்.

அதுவே எங்கள் சட்டம் ஆகிவிட்டது. யாரென்று கேட்பதில்லை. என்ன தீனம், என்ன நோவு என்று கேட்பதில்லை. துணியை விலக்குவதில்லை. அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அடுத்த தடவை கூப்பிடும்போது அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் தோள் கொடுக்க வர வேண்டும், அவ்வளவுதான். மூன்று நான்கு வருடம் இதைப் பிசகாமல் நடத்தினோம். சபைக்காரர்களும் கோவில்காரர்களும் அதே கட்டிலில்தான் படுத்துப் போனார்கள். போலீஸ்காரர்கள்கூட எங்களைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி வழி விடுவார்கள்.

தையல்காரரின் மனைவிக்கு இரண்டு பிரசவம் வீட்டிலேயே நடந்து இரண்டு குழந்தையும் தங்கவில்லை. மூன்றாவதாக உண்டானபோது, முதல் வலி கண்டதுமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், தாமதித்தால் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மாமியார் ஊரிலுள்ள கோவிலுக்கெல்லாம் நேர்ந்துகொண்டாள். தையல்காரர் எதற்கும் நேரவில்லை. ஒரு நாள் கடையில் உட்கார வைத்து என்னிடம் சொன்னார்:

"எனக்கு நேர்ச்சையொண்ணும் இல்ல ஸாரே. நம்ம கட்டில் உண்டல்லோ."

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் மனைவியின் உயரத்தை அளந்து வந்து, கட்டில் கயிற்றை அவிழ்த்து, அவளுக்கு ஏற்ற மாதிரி தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினார். பாதையில் கூண்டைத் தட்டும் கிளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போய் வெட்டிய கிளைகளை இழுத்துப் போட்டேன்.

அது எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம். தமிழ் பேசுகிற தெற்குத் தாலுகாக்களை மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும், நெய்யாற்றின்கரையும் அதில் வர வேண்டும் என்று ஒரு கூட்டம். ஒரு பிடி மண் தரமாட்டோம் என்று இன்னொரு கூட்டம். மறைப்பானேன், நான் முதல் கட்சிதான். எங்களை விட்டுவிட்டுப் பிரித்தால் இந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இருக்காது என்று எனக்கு உள்ளூரப் பயம். ஆனால் என் கட்சி வாயோடு சரி. ஆதாரக்காரன் அப்படியல்ல. கூட்டத்துக்குப் போனான், நோட்டீஸ் ஒட்டினான், ஒரு தடவை முதுகில் தடியடியும் வாங்கினான். தெற்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த செய்தி வந்த பிறகு அவன் சிரிப்பதே குறைந்துவிட்டது. தையல்காரரும் அவனும் வாசகசாலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பார்கள். கட்டில் கூப்பிட்டால் இரண்டு பேரும் பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். அது போதும் என்று நினைத்தேன்.

நெடுஞ்சாலையில் போலீசார் ஒரு இடத்தில் மூங்கில் தடுப்புப் போட்டுப் போகிற வருகிறவர்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தலைமறைவான ஆட்களைத் தேடுகிறார்களாம். எங்கள் கட்டிலை மட்டும் அவர்கள் தொட்டதில்லை.

ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூட இடைவேளையில் ஆதாரக்காரன் வந்தான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"எலே மக்கா, ஒரு கேஸ் உண்டு. நெய்யாற்றின்கரையில கிடக்காரு. ஆஸ்பத்திரியில கைவிட்டாச்சு. வீட்டில கிடந்து சாவணும்னு சொல்லுதாரு. பாறசாலை பக்கமாக்கும் வீடு. கட்டிலை எடுக்கணும்."

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்பதில்லை என்பதுதான் சட்டமாயிற்றே. நாலு பேரும் காலிக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வீட்டு வாசலில் ஆளைப் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். ஆதாரக்காரனும் அந்த வீட்டுக்காரரும் அப்படியே தூக்கிக் கட்டிலில் வைத்துக் கூண்டை இறக்கினார்கள். தோளில் ஏற்றியதும் டீக்கடைக்காரர் முனகினார்.

"சாவப்போற ஆளுக்கு இந்தக் கனமா?"

"மிண்டாம வாரும். அவிய காதில விழும்" என்று தையல்காரர் அவரை அடக்கினார்.

வெயில் கொளுத்தியது. வழியில் ஒரு மாமர நிழலில் இறக்கி வைத்தோம். தையல்காரர் பக்கத்துக் கடையில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுத் தண்ணீர் வாங்கி வந்து, துணியின் ஓரத்தில் டம்ளரை நீட்டி, "கொஞ்சம் குடியும் அண்ணாச்சி" என்றார். உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. நல்ல திடமான கை. நடுங்கவில்லை. டம்ளரை வாங்கி, காலி செய்து, திருப்பித் தந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படித் திருப்பிக்கொண்டதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

தடுப்பில் நின்ற போலீஸ்காரர் கட்டிலைக் கண்டதும் மூங்கிலைத் தூக்கினார். தொப்பியைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டார். பாறசாலைக்கு இந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இறக்கச் சொன்னான் ஆதாரக்காரன். சொந்தக்காரர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள், கட்டிலை நான் சாயங்காலம் ஆள் பிடித்துக் கொண்டு வருகிறேன், நீங்கள் போங்கள் என்றான். நாங்கள் திரும்பினோம். தையல்காரர் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்து, "பாவம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழித்துறைப் பக்கத்தில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் சந்தை மைதானத்தில் போராட்டக் கூட்டம். அத்தானோடு போய் ஓரத்தில் நின்றேன். மேடையில் ஒருவர் பேசினார். ஆஜானுபாகுவான ஆள், கணீரென்ற குரல். தலைமறைவாக இருந்தபோது போலீசை எப்படி ஏய்த்தேன் என்று சொல்ல ஆரம்பித்தார். நெய்யாற்றின்கரையில் மாட்டிக்கொண்டாராம். நாலு பேர் தோளில், கட்டிலில் படுத்துக்கொண்டே, போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றி வழியனுப்பி வைக்க, ராஜா மாதிரி வந்து சேர்ந்தாராம்.

"இடையில ஒரு புண்ணியவான், எனக்கு எலுமிச்சம் தண்ணியும் தந்தான்" என்றார்.

மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். வெட்கக்கேடு, அதை எழுதத்தான் வேண்டும். எல்லோரோடும் சேர்ந்து சிரித்து, பாதிச் சிரிப்பில்தான் அந்தப் புண்ணியவான் யார் என்று எனக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன். அத்தான், என்ன ஆச்சு என்று கேட்டார். தலைவலி என்றேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நேராக ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனேன். ஆதாரக்காரன் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடினான். கட்டடத்துக்குப் பின்னால் போய் நின்றோம்.

"ஒனக்குத் தெரிஞ்சு போச்சு இல்லியா?" என்றான் அவனே.

"எங்க மூணு பேரையும் கழுதையாக்கிட்டியே."

"சொல்லியிருந்தா நீ சம்மதிச்சிருப்பியாலே?"

"மாட்டேன்."

"அதுக்காக்கும் சொல்லல்ல. பிடிச்சிருந்தா அவரை அடிச்சே கொன்னிருப்பானுவ. ஒரு உசிரைக் காப்பாத்த கட்டிலைத் தூக்கினோம். எப்பவும் செய்யதுதானே?"

அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஊரில் ஒரு பொருளைத்தான் யாரும் சந்தேகப்படாமல் வைத்திருந்தோம். அதை எடுத்துத்தான் அவனுக்கு மறைவிடம் கட்டத் தோன்றியிருக்கிறது. முகம் பார்க்க மாட்டோம் என்பது எங்கள் மரியாதை. அந்த மரியாதைதான் எங்களிடம் இருந்த ஓட்டை என்று கண்டுபிடித்தவன் என் கூடவே வளர்ந்தவன். இன்று எழுதும்போதும் எனக்கு அது ஆறவில்லை.

"தையல்காரரோட சொல்லணும்" என்றேன்.

"சொல்லாண்டாம் மக்கா. அவரு மலையாளி. கேட்டா இதை வேற மாதிரி எடுப்பாரு. நம்ம கட்டில், வாசகசாலை, எல்லாம் ரெண்டாப் போவும். கொஞ்ச நாள் கழியட்டும், நானே சொல்லுதேன்."

சரி என்றேன். என்னைக் கேட்டால், வாசகசாலை பிளவுபடக்கூடாது என்பதற்காக என்று சொல்வேன். பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த மனிதருக்கு மைதானத்தில் கிடைத்த கைதட்டல் எனக்கும் கொஞ்சம் இனித்தது. நம் ஆள் தப்பித்துவிட்டார் என்று ஒரு குரல் உள்ளே இருந்தது. அந்தக் குரலோடு தையல்காரர் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் ஓட்டினேன். தினமும் அவர் கடை வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவேன். தினமும், "ஸாரே, இந்த மாசக் கடைசியாக்கும்" என்பார். தலையாட்டிவிட்டுப் போவேன்.

மேடைப் பேச்சைக் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் வேட்டி கட்டிய போலீஸ்காரர்கள் என்று அந்தப் பெரிய மனிதருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கும். அத்தனை ஜனத்துக்கு நடுவில் தன்னைத் தொட மாட்டார்கள் என்ற தைரியம் வேறு. கைதட்டல் எல்லாவற்றையும்விடப் பெரிது. இனி போலீஸ் அந்தக் கட்டிலைச் சும்மா விடாது என்று எனக்கும் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை என்று சொல்ல ஆசைதான்.

வலி வந்தது காலை ஒன்பது மணிக்கு, கணக்கில் இருந்ததைவிட நாலு நாள் முன்னதாக. டீக்கடைக்காரர் பள்ளிக்கூட ஜன்னலில் வந்து கூப்பிட்டார். நான் போகும்போது கட்டில் வாசலில் தயாராக இருந்தது. தையல்காரரின் மனைவியை உள்ளேயிருந்து நடத்திக் கூட்டி வந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற அவள் தம்பி, நெடுஞ்சாலையில் போலீஸ் கெடுபிடி அதிகமாக இருக்கிறது, பெருங்கடவிளைப் பாதையாக வண்டியில் சுற்றிப் போனால் என்ன என்று கேட்டான்.

"வண்டி குலுங்கும். நம்ம கட்டிலை யாரும் தடுக்க மாட்டாங்க" என்றார் தையல்காரர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அல்லியோ ஸாரே?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். கட்டிலின் மறுபக்கக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஆதாரக்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "ஆமா" என்றேன்.

தூக்கினோம். அன்றைக்கு நடந்த மாதிரி வேகமாக நாங்கள் என்றும் நடந்ததில்லை. கூண்டுக்குள்ளிருந்து அவள் முனகும்போதெல்லாம் தையல்காரர், "இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தடுப்பில் மூங்கில் எழும்பவில்லை. புது ஆட்கள். ஒருவர் கையை நீட்டி, "இறக்கு" என்றார்.

"எனக்கெ பாரியயாணு ஸார். பேறு வேதனை" என்றார் தையல்காரர்.

"கழிஞ்ஞ தடவை இதில கிடந்நு போயவனும் ரோகியாயிருந்நு" என்றார் அந்தப் போலீஸ்காரர். போன தடவை இதில் படுத்துப் போனவனும் நோயாளிதானே என்கிறார். தையல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். டீக்கடைக்காரர் விழித்தார். நானும் ஆதாரக்காரனும் ரோட்டைப் பார்த்தோம்.

போலீஸ்காரர் துணியைப் பிடித்து இழுத்தார். தையல் பிரிந்தது. நெடுஞ்சாலையில், பஸ்ஸுக்கு நின்றவர்கள், காளை ஓட்டி வந்தவர்கள், கடைக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால், அவள் சேலை விலகிக் கிடந்தாள். கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். தையல்காரர் தன் வேட்டியை அவிழ்த்து அவள் மேல் போட்டார். நிக்கரோடு நின்றார்.

பெண்தான், பிரசவ வேதனைதான் என்று தெரிந்துவிட்டது. அப்போதாவது விட்டார்களா? ஆள் போகலாம், கட்டில் போகக்கூடாது என்றார்கள். கட்டில் தொண்டியாம், வழக்கில் காட்ட வேண்டிய பொருளாம். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை அசைக்கக் கூடாதாம். அவளை இறக்கி ரோட்டோரப் புல்லில் கிடத்தினோம். ஆதாரக்காரன் ஓடினான். உண்மையைச் சொல்ல வேண்டும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். முக்கால் மணி நேரம் கழித்து எங்கிருந்தோ ஒரு மாட்டுவண்டியோடு வந்தான். அந்த முக்கால் மணி நேரமும் நான் அவளுக்கு நிழலாகக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன தடவை தூக்கியது யார் என்று அந்தப் புது ஆட்களுக்குத் தெரியாது. 'அந்த ஆளைத் தூக்கிப் போனது நாங்கள்தான். என்னைப் பிடித்துவைத்துக்கொண்டு கட்டிலை விடுங்கள்' என்று போலீஸ்காரரிடம் சொல்ல எனக்கு நாக்கு இருந்தது. சொன்னால் வேலை போகும், ஜெயில். குடையை நன்றாகச் சாய்த்துப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை பெண். அதுவும் தங்கவில்லை. டாக்டரம்மா, ஒரு அரைமணி நேரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் தையல்காரர் எங்களை ஆஸ்பத்திரி வளாகத்துக்கு வரச் சொல்லி அனுப்பினார். அந்தப் போலீஸ்காரர் சொன்ன வார்த்தை அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கிணற்றடியில் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. ஆதாரக்காரனைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"அன்னைக்கு நாம தூக்கினது யாரு?"

ஆதாரக்காரன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. பெயரைச் சொன்னான், எதற்காகத் தூக்கினோம் என்று சொன்னான்.

"எனக்கெ கையால நான் தண்ணி கொடுத்தேன்" என்றார் தையல்காரர். பிறகு, "தெரிஞ்சிருந்தா நான் வண்டியில கொண்டு போயிருப்பேன். பெருங்கடவிளை வழியா. குலுங்கினாலும் போயிருப்பேன்" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். அதற்கப்புறம் என் பக்கம் விரலை நீட்டினார். கேள்வி அவனிடம்தான்.

"ஸாருக்குத் தெரியுமா?"

ஆதாரக்காரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஆபீசுக்குப் பின்னால் நின்று நாங்கள் பேசியது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். என்னையும் இழுத்துவிட்டிருந்தால் அவனுக்குப் பாரம் பாதியாகக் குறைந்திருக்கும். நான் மறுத்திருக்கவும் முடியாது.

"இல்ல" என்றான். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க மூணு பேரையும் நான்தான் ஏமாத்தினேன்."

தையல்காரர் என் தோளில் நெற்றியை வைத்து அழுதார். "நம்மளைச் சதிச்சுப் போட்டானே ஸாரே, நம்மளைச் சதிச்சுப் போட்டானே" என்றார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஆதாரக்காரன் வெளியே நடந்து போனான். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு எல்லை பிரித்தார்கள். தெற்குத் தாலுகாக்கள் போயின, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். ஆதாரக்காரன் ஊரை விட்டே போய்விட்டான். தெற்கே எங்கோ ஆதாரம் எழுதுவதாகச் சொன்னார்கள். அவன் பெயரை ஊரில் எடுத்தால் காறித் துப்புவார்கள். அப்படித் துப்ப வைத்ததில் என் கதைக்குப் பெரிய பங்கு உண்டு. தையல்காரர் எதிரில் இருக்கும்போதே சொல்வேன். அவரும் தலையாட்டி, விட்டுப்போனதை எடுத்துக் கொடுப்பார். அவர் மனைவி பிறகு உண்டாகவில்லை. என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுப்பார் அவர். நானும் அவரைப் போல ஏமாந்தவன் என்பதால் என்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

சாமி கும்பிடுகிறவர்களுக்கு இந்த மாதிரி விஷயத்துக்கு வழி இருக்கிறது. ஒரு குளத்தில் முங்குவார்கள், ஒரு பாதிரியாரிடம் சொல்லி அழுவார்கள், மொட்டை போடுவார்கள். அதையெல்லாம் கேலி பேசியே வளர்ந்த ஆள் நான். நான் மன்னிப்புக் கேட்கக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. என் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், தையல் மிஷினுக்குப் பின்னால் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் போனேன்.

கடைசியில் அவர் படுக்கையில் விழுந்தபோது தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு நாள் மத்தியானம் வீட்டில் வேறு யாரும் இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போயிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸார் ஒருத்தர்தான் எனக்கெ கூட நின்னது" என்றார். ஆமா என்றேன்.